மையாத்தாள் இட்ட முட்டை

பாவாத்தாளுக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டால் அதை மனசுக்குள் அடக்கி வைக்கத் தெரியாது. முருங்கை முதல் பூ வைத்தாலும் சரி, தெருக்குழாயில் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்தாலும் சரி, அவள் போடுகிற சத்தத்தில் வளவில் உள்ள அத்தனை வீட்டுக் கதவும் திறக்கும். பல்லடத்தை ஒட்டிய லைன் வீடுகள் அவை. கோழிப்பண்ணைகளிலும் தறிகளிலும் வேலை பார்க்கிறவர்கள் குடியிருந்தார்கள். பாவாத்தாளின் தாய் தகப்பன் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அவள் மட்டும் கல்யாணம் ஆன கையோடு கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டாள். புருஷன் கருப்புசாமி அதே ஹேச்சரியில் குஞ்சு வேன் ஓட்டினான். ஒரே மகள் ஈரோட்டில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹேச்சரியில் பாவாத்தாளின் வேலை இருட்டறையில். பல்பு வைத்த பெட்டியின்மேல் முட்டைத் தட்டை வைப்பாள். வெளிச்சம் முட்டைக்குள் ஊடுருவும். கரு பிடித்த முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திக்கால் போல ஓடும். ஒன்றும் இல்லாமல் வெறுமனே தெரிந்தால் கூமுட்டை. கூமுட்டைகளைப் பொறுக்கி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். மற்ற பெண்கள் அலுப்போடு செய்கிற வேலை அது. பாவாத்தாள் மட்டும் பத்து வருஷத்துக்குப் பிறகும், உள்ளே ஒரு கரு துடிப்பதைப் பார்த்தால், "அடியே, இங்க பாருங்கடி, எப்படி எகிறுது!" என்று கூவுவாள்.

"பாவாத்தா, தெனமும் இதைத்தான பாக்கறே? இன்னுமா ஆச்சரியம்?" என்பார் மேனேஜர் வேங்கடசாமி.

"தெனமும் வேற வேற குஞ்சுங்களே சார்!" என்பாள் அவள்.

தொண்ணூற்றாறாம் வருஷம், தை மாதம். பனிக்காற்று எலும்புக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் உக்கடம் பீர் முகம்மது தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். கோவை உக்கடத்தில் வண்ண மீனும் கூண்டுப் பறவையும் விற்கிற கடை அவருடையது. பறவைகளுக்குப் போட கூமுட்டை வாங்கிப் போக வாராவாரம் வருவார். அன்றைக்கு அவர் மடியில் ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டி இருந்தது. முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க பாய், மொகமே சரியில்லீங்களே?" என்றாள் பாவாத்தாள்.

"என்னத்தச் சொல்றதும்மா. மெட்ராஸ்ல இருந்து மீனோட சேத்து ஒரு ஜோடிப் பல்லி அனுப்பியிருந்தாங்க. ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஆணு முந்தாநாள் செத்துப்போச்சு. பொட்டை வாயே தொறக்க மாட்டேங்குது. எல்லாம் இந்தக் குளுரு. உங்க ஹேச்சரியில எப்பவும் சூடு இருக்குமே, ஓரமா வெச்சுக்க முடியுமான்னு கேக்கலாம்னு வந்தேன்."

மூடியைத் திறந்தார். பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். பல்லியும் இல்லை, ஒடக்கான் என்கிற ஓணானும் இல்லை. விரித்த கை நீளத்துக்கு ஒரு பிராணி. மழையில் நனைந்த கருங்கல்லின் நிறம். முதுகு முழுக்கக் கடுகு தூவினாற்போல் சின்னச் சின்ன மேடுகள். வால் மட்டும் வதங்கிய வெண்டைக்காய் போலத் தொங்கிக்கிடந்தது. அது மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

பாவாத்தாள் போட்ட சத்தத்தில் பாய் பெட்டியைக் கீழே போடப் பார்த்தார்.

"பாய்! கண்ணு சிமிட்டுதுங்க! பல்லிக்கு ஏதுங்க இமை?"

"இதுக்கு உண்டு. சிறுத்தைப் பல்லின்னு பேரு. வெளிநாட்டுல நாய் பூனை கணக்கா ஊட்டுல வெச்சு வளக்கறாங்களாம். மத்ததெல்லாம் மஞ்சளா, மேல கரும்புள்ளி போட்டு இருக்கும். செத்துப்போன ஆணும் அப்படித்தான். இது மட்டும் இப்படிக் கருப்பாப் பொறந்திருக்கு. ரொம்ப ரொம்ப அபூர்வம்னு மெட்ராஸ்காரர் சொன்னாரு."

"சிறுத்தைங்கறீங்க, புள்ளி எங்கீங்க?"

கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். முட்டை பார்க்கிற வெளிச்சத்தை ஒரு துணியால் பாதி மறைத்து, அந்தப் பிராணியின் முதுகில் பக்கவாட்டில் விழும்படி வைத்தாள். கருப்புக்குள் இன்னொரு கருப்பு தெரிந்தது. கழுத்திலிருந்து வால்வரை, மை கொட்டிய துணியில் மையாலேயே பொட்டு வைத்ததுபோலப் புள்ளிகள். சிறுத்தையேதான்.

"இருக்குதுங்க பாய்! உள்ள ஒளிச்சு வெச்சிருக்குதுங்க!"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். முட்டை பார்க்கிற இடத்தில் பல்லி. அவருக்கு வந்த கோபத்தில் தப்பில்லை. வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வந்தால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் போய்விடும். "மொதல்ல இத வெளிய கொண்டு போ. பொறவு அந்த மேசையக் கழுவு" என்றார். பாவாத்தாள் இரண்டையும் செய்தாள். வாசலில் நின்ற பாயிடம், "எங்கூட்டுக்குக் கொண்டுட்டுப் போறனுங்க. நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.

பாய்க்கு மகள் கல்யாண வேலை தலைக்குமேல் கிடந்தது. கல்யாணம் முடியும்வரை வைத்திருந்தால் போதும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கருப்புசாமி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குஞ்சுப் பெட்டியை என்னவோ ஏதோ என்று திறந்து பார்த்தான். அடுத்த நொடி கட்டில்மேல் நின்றான். லாரி எதிரே வந்தாலும் பதறாத டிரைவர் அவன். பல்லி என்றால் மட்டும் உயிர் போய்விடும்.

"எதுக்குப் புள்ள இந்தக் கெரகமெல்லாம்? தலையில உழுந்தா என்னாகும்னு காலண்டர்லயே போட்டிருக்கான்!"

"ஏனுங்க, இதுக்குக் கால்ல ஒட்டறதே கெடையாது. செவுத்துலயே ஏறாதுங்க. அப்பறம் எப்படி உங்க தலைமேல உழும்? நீங்கதான் கட்டல்ல இருந்து அதுமேல உழப் பாக்கறீங்க."

அவள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். மை மாதிரி இருந்ததால் மையாத்தாள். "பாவாத்தாளுக்குத் தங்கச்சி மையாத்தாளாக்கும்" என்று கருப்புசாமி கட்டில்மேல் நின்றபடியே முணுமுணுத்தான்.

முதல் மூன்று நாளும் மையாத்தாள் எதையும் தொடவில்லை. கோழிக்குஞ்சுக்குச் செய்வது போலப் பெட்டிக்குமேல் பல்பைத் தொங்கவிட்டிருந்தாள் பாவாத்தாள். அது வெளிச்சம் படாத மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. பிடித்து வந்த பூச்சி அதன் மூக்கின்மேல் ஏறி நடந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேலையில் முட்டைத் தட்டை மாற்றும்போதெல்லாம் பாவாத்தாளுக்கு அதே நினைப்பு. கோழிக்குஞ்சுக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும், தாய் அதன்மேல் உட்காருவதால். இதன்மேல் யார் உட்காரப்போகிறார்கள்? இது மண்ணோடு மண்ணாக வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஜாதி. வெயில் குடித்த பாறைமேல் படுக்கிற பிராணிக்குச் சூடு கீழேயிருந்துதானே வர வேண்டும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் பல்பைக் கழற்றிப் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் வைத்தாள். டின்னின்மேல் உடைந்த கடப்பைக்கல் துண்டு ஒன்று. கல் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் குஞ்சுப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிக் கல்லோடு சேர்த்து வைத்தாள். மறு பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும் என்று விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மையாத்தாள் ஓரத்திலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து, கல்லின்மேல் ஏறி, நான்கு காலையும் பரப்பிப் படுத்தது. கண்ணை மூடியது. பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமனாரின் முகம் போல இருந்தது என்று பாவாத்தாள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

மறுநாள் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்து விட்டாள். அது துள்ளியது. மையாத்தாளின் தலை திரும்பியது. உடம்பு தரையோடு தாழ்ந்தது. அந்த வாடிய வாலின் நுனி மட்டும் பூனை வால் போலத் துடிக்க ஆரம்பித்தது. ஒரே பாய்ச்சல். சுவர்க்கோழியின் பின்னங்கால் மட்டும் வாய்க்கு வெளியே உதைத்தது. அப்புறம் அதுவும் உள்ளே போய்விட்டது.

"தின்னுருச்சு! தின்னுருச்சு!"

பக்கத்து வீட்டு ஆட்கள் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடி வந்தார்கள். கருப்புசாமி வாசலில் நின்றபடி அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. "ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுக்கு விருந்தாட ஒரு ஒறம்பரை வந்திருக்குது. இன்னிக்குத்தான் சாப்பிட்டுச்சு."

அதன்பிறகு அவளுக்குப் பொழுது போதவில்லை. கோழி எருவில் நெளிகிற புழுக்களைப் பொறுக்கி, தவிட்டில் போட்டு வளர்த்தாள். முட்டை ஓட்டை வறுத்து இடித்து, மாவாகச் சலித்து, பூச்சிகளை அதில் புரட்டிப் போட்டாள். "முட்டை போடற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும், இதுக்கு மட்டும் வேண்டாமா?" என்றாள். பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்தாள். மையாத்தாள் ரோஸ் நிற நாக்கை நீட்டி நீட்டி நக்கியது. ஒரு நாள் காலை அதன் உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பாவாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனாள். அதற்குள் மூக்குப் பக்கத்தில் தோல் பிரிந்தது. சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது போல அது உரித்து, உரித்த தோலை அப்படியே மென்று விழுங்கிவிட்டது. உள்ளேயிருந்து புதுக் கருப்பு பளபளத்தது.

தள்ளி நின்று பார்த்த கருப்புசாமி, "பரவால்ல புள்ள, துணி தொவைக்கற வேலையே இல்ல" என்றான். அவன் அதைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கல்யாணம் முடிந்து பாய் வந்தபோது மாசி பிறந்திருந்தது. பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். வால் சின்ன முள்ளங்கி போலத் திரண்டிருந்தது. கண்ணில் உயிர் இருந்தது. பாவாத்தாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். கேட்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனசில்லை. பாய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கடைக்குக் கொண்டுட்டுப் போனா மறுபடியும் வால் இளைச்சுத்தான் போகும். இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. வர்ற வாரம் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி கொண்டாரேன்."

பாவாத்தாள் அன்றைக்குப் போட்ட சத்தத்துக்கு ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. வளவுக்குப் பழகிவிட்டது.

பங்குனி தொடக்கத்தில் மையாத்தாளின் போக்கு மாறியது. தொட்டி ஓரத்தில், தோல் உரிக்கும்போது ஈரம் வேண்டுமே என்று பாவாத்தாள் வைத்திருந்த தேங்காய் நார்த்தூள் டப்பாவுக்குள் போய்ப் போய்த் தோண்டியது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. வயிறு மட்டும் உப்பியது. பாவாத்தாள் அதைக் கண்ணாடியின்மேல் நடக்கவிட்டுக் கீழேயிருந்து டார்ச் அடித்தாள். வயிற்றுத் தோலுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகள், பக்கத்துக்கு ஒன்றாக.

ஆயுசெல்லாம் முட்டை பார்த்தவள்தான். ஆனால் அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே முட்டையைப் பார்த்ததில்லை.

"ஏனுங்க! ஏனுங்க! மையாத்தா முழுகாம இருக்கறாங்க!"

முட்டை இட்டால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேனேஜரிடம் ஓடினாள். அவர் கோழியைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தெரியாது என்றார். ஆனாலும் அலமாரியில் கிடந்த ஒரு பழைய தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்து, "இத வெச்சுக்க. எனக்கும் என்னாச்சுன்னு வந்து சொல்லோணும்" என்றார். பாயிடம் மெட்ராஸ் வியாபாரியின் நம்பரை வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பல்லடம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். வியாபாரியின் பெயர் சுந்தரராஜுலு. பாவாத்தாள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"ஆணு செத்து ரெண்டு மாசம் ஆகப் போகுதுங்களே சார், கரு இருக்குமுங்களா?"

"இருக்கலாம்மா. ஒரு தடவை சேர்ந்தா ரொம்ப நாளைக்கு உள்ளேயே வெச்சிருக்கும்" என்றது அந்தக் குரல். "இட்டதும் ஈரத் தூள்ல பாதி புதைச்சு வை. கோழி முட்டைச் சூடு ஆகாது. அதைவிடக் குறைச்சல், மிதமா இருக்கணும். முக்கியமா, எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். திருப்பாதே. திருப்பினா உள்ள செத்துடும்."

பாவாத்தாளுக்கு இதுதான் அதிர்ச்சியாக இருந்தது. கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஹேச்சரியில் அதைத் திருப்புவதற்கே மெஷின் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "திருப்பக்கூடாதாமுங்க! பாத்தீங்களா, இது மண்ணத் தோண்டிப் பொதச்சுப்போட்டு அது பாட்டுக்குப் போயிரும். யாரு வந்து திருப்புவா?"

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் நார்த்தூளுக்குள் இரண்டு முட்டை கிடந்தன. நீளமாக, வெள்ளையாக, ஓடு இல்லாமல் தோல் மாதிரி மெத்தென்று. பாவாத்தாள் அவற்றின் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாயின் தெர்மோகோல் பெட்டிக்குள் ஈரத் தூளில் இறக்கினாள்.

பங்குனி தாண்டி சித்திரை வந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வீடே அடுப்பாக இருந்தது. தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனது. பாவாத்தாள் பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போட்டாள், விசிறினாள், குடத்துக்கும் குடத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் பார்த்தபோது ஒரு முட்டை சப்பிப்போய், பூஞ்சை பூத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சத்தமே இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கருப்புசாமி எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தான். துணி துவைக்கிற தொட்டிக்குப் பின்னால், வெயிலே படாத மூலையில் தோண்ட ஆரம்பித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"அது மண்ணுக்குள்ளதான வெக்கும்னு நீதான சொன்னே? அப்ப மண்ணுக்குள்ளயே வெப்போம். இத்தன நாளா ஊட்டுக்குள்ள போட்டு வறுத்துட்டிருக்கறோம்."

முழங்கை ஆழக் குழிக்குள் ஒரு மண்பானையை இறக்கி, அதற்குள் பெட்டியை வைத்து, மேலே ஒரு கூரை ஓட்டால் மூடினான். தெர்மாமீட்டர் சரியான இடத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து வேனை நிறுத்தியதும் முதலில் குழியைப் பார்ப்பவன் அவன்தான். முட்டையைத் தொட மாட்டான். ஓட்டைத் தூக்கி எட்ட நின்று பார்த்துவிட்டு, "இருக்குது" என்று மட்டும் சொல்வான்.

வைகாசியில் பாவாத்தாளின் தங்கை கயல்விழி, கொடுமுடியில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாள். தாய்மாமன் இல்லாத வீடு. பெரியப்பன் கருப்புசாமியின் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். புறப்படுகிற அன்று காலை பாவாத்தாள் பானையைத் திறந்தாள். முட்டையில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. மேலே முத்து முத்தாக வேர்வை மாதிரி ஈரம்.

"இதுவும் போகப்போகுதுங்க" என்றாள். "இத இப்படி உட்டுட்டு நான் எங்க வாரது?"

"உட்டுட்டு யாரு வரச் சொன்னா? பெட்டியோட ஏறு" என்றான் கருப்புசாமி.

நல்லவேளையாக அன்றைக்குக் கொடுமுடிப் பக்கம் ஒரு பண்ணைக்குக் குஞ்சு இறக்க வேண்டியிருந்தது. பின்னால் குஞ்சுப் பெட்டிகளிலிருந்து ஓயாத கீச்சொலி. முன்னால் டிரைவர் பக்கத்தில் பட்டுச்சேலையில் பாவாத்தாள். மடியில் தலையணை, தலையணைமேல் தெர்மோகோல் பெட்டி. கருப்புசாமி ஒவ்வொரு குழிக்கும் வேனைத் தடவிக்கொடுத்து ஓட்டினான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, முந்திக்கொண்டு போகும்போது திட்டிவிட்டுப் போனான்.

காங்கேயம் தாண்டி, காய வைத்த தேங்காய்ப் பருப்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்போது, பாவாத்தாள் மூடியை மெல்லத் தூக்கினாள். முட்டையின் தோலில் பிளேடால் கீறியது போல ஒரு கோடு. சற்று முன்பு அது இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! வருதுங்க!"

கருப்புசாமி புளியமரத்தடியில் வேனை ஓரங்கட்டினான். கீறலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது. அப்புறம் உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு மூக்கு வெளியே வந்தது. மூக்குக்குப் பின்னால் ஒரு தலை. அந்தத் தலை கண்ணைத் திறந்து, வேனின் முன்கண்ணாடியையும் புளியமரத்தையும் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. பாவாத்தாளுக்கு வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கத்தியவன் கருப்புசாமிதான்.

"புள்ள, உசுரோட இருக்குது! மூச்சு உடுது பாரு! பாரு புள்ள!"

இழுத்து எடுக்கலாமா என்று அவன் கேட்டதற்கு அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கோழிக்குஞ்சையே இழுக்கக்கூடாது, இரத்தம் வரும். தானாக வரட்டும். தலையை வெளியே வைத்துக்கொண்டு அது சாவகாசமாகப் படுத்திருந்தது. பின்னால் குஞ்சுகள் கத்தின. பண்ணையில் நின்று குஞ்சுகளை இறக்கினார்கள். அப்போதும் அது அப்படியே இருந்தது. கொடுமுடிப் படித்துறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மொட்டை அடித்து முடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. கயல்விழி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனக்கா, எம்பட புள்ளைக்கு மொட்டையடிக்க வாங்கன்னா, நீங்க பல்லிக்குப் பிரசவம் பாத்துட்டு வாரீங்களா?"

படித்துறை ஓரத்து அரசமர நிழலில் பாவாத்தாள் மூடியைத் திறந்தாள். மொட்டைத் தலைக்காரன் உட்பட மொத்த உறவும் சுற்றிக் குனிந்தது. முட்டைத் தோல் ஒரு முறை உப்பியது. முன்னங்கால் ஒன்று வெளியே வந்து நார்த்தூளைப் பற்றியது. அடுத்து ஒரு உந்தல். குட்டி முழுசாக வெளியே விழுந்தது.

கருப்பாகத்தான் இருக்கும் என்று பாவாத்தாள் நினைத்திருந்தாள். ஆனால் வந்ததோ எலுமிச்சை மஞ்சள். அதன் குறுக்கே பட்டை பட்டையாக அடர்த்தியான கருப்பு. வாலில் வெள்ளையும் கருப்பும் வளையமாக மாறி மாறி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு புலி.

அது ஒரு அடி எடுத்து வைத்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தது. பிறகு நான்கு காலிலும் உயர்ந்து நின்று, வாலைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, கீச்சென்று அவர்கள் எல்லாரையும் மிரட்டியது.

கருப்புசாமி விழுந்து விழுந்து சிரித்தான். கயல்விழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவாத்தாளுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. காவிரிக்கு அக்கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று கயல்விழி இன்றைக்கும் சொல்கிறாள். காது குத்தும்போது கருப்புசாமியின் மடியில் இருந்த குழந்தை அழவே இல்லை. கண் முழுக்கப் பெட்டிமேல் இருந்தது.

ஊர் திரும்பியதும் குட்டியைத் தனிப் பெட்டியில் வைத்தாள் பாவாத்தாள். தாயே தின்றுவிடும் என்று சுந்தரராஜுலு சொல்லியிருந்தார். முதல் தோலை உரித்துத் தின்ற பிறகு அது சின்னச் சுவர்க்கோழிகளைத் துரத்த ஆரம்பித்தது. மேனேஜர் தானே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஹேச்சரியில் எல்லாரிடமும் சொன்னார். மையாத்தாள் அந்தக் கோடையில் இன்னும் ஒரு ஜோடி முட்டையிட்டது, இரண்டும் கூமுட்டை. பாவாத்தாள் அதற்காகக் கலங்கவில்லை. கோழியிலும் அப்படி உண்டு.

பீர் முகம்மது வந்து பார்த்தவர் குட்டியின்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம ஊர்ல இது பொறந்துச்சுன்னா யாரு நம்புவாங்க? கடையில வெச்சு நாலு பேத்துக்குக் காட்டோணும்மா" என்றார்.

"காட்டறதுக்கு வேணா கொண்டாரேனுங்க பாய். குடுக்கறதுக்கு மட்டும் கேக்காதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாயையும் குட்டியையும் தனித்தனித் தொட்டியில் வைத்து வேனில் உக்கடத்துக்குக் கொண்டுபோனார்கள். கடை வாசலில் பெஞ்சு போட்டு, மேலே துணி கட்டி நிழல் பண்ணியிருந்தார் பாய். மீன் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். கறி வாங்கிய பையோடு ஒருவர் நின்று நின்று, வீட்டு ஞாபகம் வந்து ஓடினார். பாவாத்தாள் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, கடப்பைக்கல் சூட்டிலிருந்து கொடுமுடிப் படித்துறைவரை சொன்னாள். இடையில் அவள் எதையாவது விட்டுவிட்டால், "மண்பானைய விட்டுட்டியே புள்ள" என்று கருப்புசாமி எடுத்துக் கொடுத்தான்.

"ஏனுங்க அம்மணி, தாயி இத்தன கருப்பு, குட்டி மட்டும் எப்படி இந்த நிறத்துல?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்பன் மஞ்சளுங்க. அவரு சாயல்" என்றாள் பாவாத்தாள். கூட்டம் சிரித்தது.

மத்தியானத்துக்குள் அவள் குரல் கட்டிவிட்டது. பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் கடையை நோக்கி வந்தது. பாவாத்தாள் டம்ளரைக் கருப்புசாமியின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க கண்ணு, கிட்ட வாங்க. மொதல்ல இவ எப்படிக் கண்ணு சிமிட்டறாங்கறதப் பாருங்க" என்று கட்டிய குரலிலேயே மறுபடியும் ஆரம்பித்தாள்.